பதினைந்து வினாடிக்குப் பத்தொன்பது

பாட்டைக் கேட்டு ரசிக்கிற பழக்கம் எனக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. பாட்டு வந்தால் எண்ணத்தான் தோன்றும். கல்யாண வீட்டில் கச்சேரி நடக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள், நான் கடிகாரத்தில் வினாடி முள்ளைத் தேடிக்கொண்டிருப்பேன். பதினைந்து வினாடி. அதற்குள் வலது கால் எத்தனை முறை கீழே போகும்? அதை நாலால் பெருக்க வேண்டும். டெல்லி சாணக்யபுரியில் ஒரு கிளப்பின் பேஸ்மென்ட்டில் கொஞ்ச காலம் இதுதான் என் வேலையாக இருந்தது.

வாழ்க்கையில் கணக்கு என்று நான் போட்டது இதை மட்டும்தான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், இப்படி. உண்மை என்னவென்றால், கணக்குப் பரீட்சை அன்று பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன், மூன்று பஸ்ஸை விட்டேன், வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் பஸ் ஸ்டாப்புக்கும் போகவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

பயம் எனக்கு உடம்போடு வந்தது. பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போனபின் கேஸை மூடினேனா என்று திரும்பி ஓடி வருவேன். என் வீட்டுக்காரர் ஒரு ஸ்டேட் கெஸ்ட் ஹவுஸில் சமையல்காரர். அதன் பின்பக்கம் இருந்த ஒற்றை அறைதான் எங்கள் வீடு. அங்கிருந்து கிளப்புக்குப் பத்து நிமிஷ நடை, எனக்கு மட்டும் இருபது நிமிஷம். கிளப்பில் முதலில் எனக்குக் கவுண்ட்டர் வேலை. துண்டு கொடுக்க வேண்டும், லாக்கர் சாவி கொடுக்க வேண்டும், வருகிறவர்கள் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பேஸ்மென்ட்டில் இருபது சைக்கிள்கள் தரையோடு நின்றிருந்தன. எங்கேயும் போகாத சைக்கிள்கள். காலை ஆறரைக்கு விளக்கை மங்கலாக்கிவிட்டு, எல்லோரும் ஏறி முக்கால் மணி நேரம் வேர்க்க வேர்க்க மிதிப்பார்கள். எதிரே ஒரு டீச்சர், தானும் மிதித்துக்கொண்டு, இப்போது மேடு, இப்போது சமதரை என்று கத்துவார். எம்பஸிக்காரர்கள், பெரிய வீட்டு அம்மாக்கள், ரிட்டயர் ஆன அதிகாரிகள் என்று கூட்டம்.

நான் இதை வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர், "நிக்கிற சைக்கிளை மிதிக்கதுக்கு காருல ஏறியா வாராங்க?" என்றார். "நம்ம ஊருல ஓடுற சைக்கிளை மிதிச்சே ஒருத்தனும் மெலியலையேட்டி."

அந்த சைக்கிளில் ரோடு கிடையாது. பாட்டுதான் ரோடு. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. இப்போதிருக்கும் சைக்கிள்களைப் போல எத்தனை சுற்று என்று காட்டும் மீட்டரெல்லாம் அப்போது இல்லை. பாட்டின் அடி விழும்போது கால் விழும். வேகமான பாட்டென்றால் கால் பறக்கும். பாட்டைத் தேர்ந்தெடுக்கிறவர்தான் இருபது பேரின் காலையும் மூச்சையும் கையில் வைத்திருப்பவர். இதை அப்போதே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த வேலைக்குத் தலையாட்டியே இருக்க மாட்டேன்.

முன்பிருந்த டீச்சர் சண்டை போட்டுக்கொண்டு ஒரு நாள் போனார். போகும்போது தன் கேசட் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். புதிதாக வந்த மேடம் பஞ்சாபி, என் வயதுதான் இருக்கும். வந்த மறுநாளே கவுண்ட்டரில் வந்து நின்றார். எங்கள் பேச்சு எல்லாம் இந்தியில்தான்.

"இங்கே எந்தப் பாட்டுக்கு ஜனம் சிரிக்குது, எந்தப் பாட்டுக்குக் கடிகாரத்தைப் பாக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஒரு வருஷமாகக் கதவிடுக்கில் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அச்சா. அப்போ இனிமே கேசட் நீதான். எனக்குப் பாட்டு தேட டைம் இல்ல."

ஒரு தாள் கொடுத்தார். முதலில் உடம்பைச் சூடாக்கும் பாட்டு, சமதரை, மேடு, ஓட்டம், கடைசியில் மூச்சு வாங்க ஒரு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் நேராக, நிமிஷத்துக்கு வலது கால் எத்தனை சுற்று என்று ஒரு எண். அந்த எண்ணுக்குத் தக்க பாட்டைப் பிடிக்க வேண்டியது என் பாடு.

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து உட்காருவேன். எங்களிடம் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கியது, அவர் உயிர். அதில் ஒவ்வொரு கேசட்டாகப் போட்டு, எதிரே அவருடைய கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுவேன். அவரிடம் இருந்த பழைய தமிழ்க் கேசட்டுகள், பாலிகா பஜாரில் கிடைத்த பஞ்சாபி டோல் பாட்டுகள், மேடம் கொடுத்த இங்கிலீஷ் கேசட்டுகள். ஒரு தரம் எண்ணினால் நம்ப மாட்டேன். மூன்று தரம். மூன்றும் ஒன்றாக வந்தால்தான் நோட்டில் எழுதுவேன். அப்புறம் வரிசையாக எழுதிக் கொடுத்தால் கேசட் கடைக்காரர் அறுபது நிமிஷக் கேசட்டில் பதிந்து தருவார். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, ஒன்று சிக்கிக்கொண்டால் இன்னொன்று. பையில் எப்போதும் ஒரு பென்சிலும் இருக்கும், அவிழ்ந்த நாடாவைச் சுற்ற.

போகப் போகச் சில விஷயங்கள் பிடிபட்டன. மேட்டுக்குத் தோல்வாத்தியம்தான், கீபோர்டை நம்பி மேடு ஏற முடியாது. புல்லாங்குழல் வந்தால் கால் தானாகத் தளரும், அது கடைசிக்கு. நடுவில் பாட்டை நிறுத்தி யாராவது வசனம் பேசினால் இருபது பேரும் திகைத்துப்போய் நிற்பார்கள். வார்த்தை புரிய வேண்டிய அவசியமே இல்லை. நம்ம ஊர்க் குத்துப்பாட்டு ஒன்றை ஓட்டத்துக்குப் போட்டேன். ஒரு எம்பஸிக்காரர் இறங்கி வந்து, இது எந்தத் தீவு இசை என்று கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். நான், "தூரத்துத் தீவு" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டே வாரத்தில் கிளாஸ் பிடித்துக்கொண்டது. முன்பு பாதி சைக்கிள் காலியாக இருக்கும், இப்போது வெயிட்டிங் லிஸ்ட். வெளியே வரும்போது எல்லோருக்கும் முகம் தக்காளியாக இருக்கும். "இதல்லவா கிளாஸ்" என்பார்கள். "உன் கை ராசி" என்று மேடம் என் தோளில் தட்டுவார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. நன்றாகப் போகிற எதையும் நான் நம்புவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் சார் வந்து பேசினார். ஒரு அரசாங்கக் கம்பெனியில் பெரிய அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர், கோயமுத்தூர்ப் பக்கம். செவ்வாய், வியாழன், சனி தவறாமல் வருவார். மூன்றாம் வரிசை, சுவரோரச் சைக்கிள்.

"அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். உங்க டீச்சரம்மாகிட்டப் போயிரக் கூடாது."

"சொல்லுங்க சார்."

"போன வருசம் எனக்கு நெஞ்சுவலி ஒருக்கா வந்து போச்சு. டாக்டரு சைக்கிள் மிதிக்கலாம், நாடி ஏறக் கூடாதுன்னுட்டாரு. நானே எண்ணிப் பாத்து வெச்சிருக்கறேன். காலு எம்பதைத் தாண்டாத வரைக்கும் ஒண்ணும் பண்றதில்லே."

"மேடத்துக்கிட்டச் சொன்னா உங்களுக்குத் தனியா..."

"தனியா என்ன, மூலையில உக்கார வெச்சு வேடிக்கை பாக்கச் சொல்லுவா. அதெல்லாம் ஆகாது. எந்தப் பாட்டு எம்பதுக்கு மேலேன்னு முன்னாலயே ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துரு. அதுக்கெல்லாம் நான் மெதுவா மிதிச்சுக்கறேன். இருட்டுல எவனுக்குத் தெரியப்போகுது?"

வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஆள் நான். அன்றிலிருந்து அவருக்குத் துண்டு கொடுக்கும்போது மடிப்புக்குள் ஒரு சீட்டு இருக்கும். மேடு 64. சமதரை 76. ஓட்டம் 92, அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் போட்டால் மெதுவாக மிதிக்க வேண்டும். வட்டம் இல்லையென்றால் பயமில்லாமல் மிதிக்கலாம். இரண்டு மாதம் இப்படி ஓடியது. பாட்டுப் போடும் கேசட் டெக்குக்குப் பின்னால் நின்றபடி கிளாஸ் முழுக்க அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த டெக்கில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. யாரும் திருகிவிடக் கூடாதென்று மேடம் அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, தொடாதே என்று எழுதி வைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எழுபத்தாறு சமதரைப் பாட்டு முடிந்தது. மேடத்துக்கு உற்சாகம். "மறுபடியும் அதே பாட்டு! ரீவைண்ட்!" என்று கத்தினார். நான்தான் ரீவைண்ட் பண்ணினேன், இந்தக் கையால். சீட்டில் அதற்கு வட்டம் இல்லை. சாரும் மறுபடி மிதித்தார். பாதிப் பாட்டில் அவருடைய கால் நின்றது. ஒரு காலைப் பெடலிலிருந்து எடுக்கத் தெரியாமல் தடுமாறினார். இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். மேடத்தின் கண்ணில் படவில்லை.

ஓடினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், உதட்டைச் சுற்றிச் சாம்பல் நிறம். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார்.

"அம்மிணி, இது எழுவத்தாறுதானா?"

"ஆமா சார்."

"நான் எண்ணிப் பாத்தேன். எம்பத்திநாலு வருது."

"இல்ல சார், மூணு தரம் எண்ணினேன். நோட்டுல இருக்கு, காட்டட்டுமா?"

அவர் சீட்டை மடித்துப் பையில் போட்டார். "போச்சாது உடு. எனக்குத்தான் எண்ணத் தெரியலையாட்ட இருக்குது. வயசாச்சல்ல." டிரைவரை வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை. சத்தம் கேட்குமென்று மேலே யோகா கிளாஸ் முடியும்வரை காத்திருந்து, காலி ஹாலில் அதே பாட்டைப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பதினைந்து வினாடிக்கு இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன், இருபத்தொன்று. கேசட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து டூ-இன்-ஒன்னில் போட்டேன். பத்தொன்பது. அதே கேசட், அதே பாட்டு.

என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார். "என் பெட்டி சரியாத்தான் ஓடுது. உங்க கிளப்புல உள்ளதுதான் அவசரமா ஓடுது. பணக்காரங்க பெட்டி, அப்படித்தான் இருக்கும்."

எனக்கும் அப்படி நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் அறுபது நிமிஷக் கேசட், ஒரு பக்கம் முப்பது நிமிஷம் ஓட வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுப் பக்கத்தையும் ஓட விட்டேன். முப்பத்து மூன்றரை ஆனது. மறுநாள் கிளப்பில் ஓட விட்டேன். சரியாக முப்பதை ஒட்டி நின்றது.

எங்கள் வீட்டுப் பெட்டி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாகவோ. கல்யாணமான நாளிலிருந்து நான் அதில்தானே பாட்டுக் கேட்கிறேன், அந்த வேகம்தான் பாட்டு என்று காது பழகிவிட்டது. கிளப்பில் அதே பாடகிகள் கொஞ்சம் சின்னப் பெண்களைப் போலப் பாடியதைக் கவனிக்காமல் இல்லை. பெரிய ஸ்பீக்கர், அதனால் குரல் தெளிவாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நோட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணும் தப்பு. ஜனங்கள் முகம் சிவந்து வெளியே வந்ததற்கும் வெயிட்டிங் லிஸ்ட்டுக்கும் என் ராசி காரணமில்லை, எங்கள் பெட்டிக்குள் நாடாவை ஓட்டுகிற ஒரு தொய்ந்த ரப்பர் பெல்ட்தான். ஆபத்து வராது என்று எழுதிக் கொடுத்து ஒரு மனுஷரை இரண்டு மாதம் ஆபத்தில் மிதிக்க விட்டிருக்கிறேன். போதாததற்கு, அவர் சரியாக எண்ணியதைத் தப்பு என்று சாதித்து அனுப்பியிருக்கிறேன்.

வியாழக்கிழமை சார் வரவில்லை. மேடத்திடம் போய் நின்றேன்.

"மேடம், கேசட் எல்லாமே வேகமா ஓடுது. நான் எண்ணினது தப்பு."

"யாராவது கம்ப்ளைன்ட் பண்ணாங்களா?"

சார் பெயரைச் சொல்லக் கூடாதே. "இல்ல மேடம்."

"அப்புறம் என்ன? எதையும் தொடாதே. நல்லது ஒண்ணு பண்ணிட்டு அதைப் போய்த் தப்புன்னு சொல்ற ஒரே ஆளு நீதான்."

சனிக்கிழமையும் மூன்றாம் வரிசை சுவரோரச் சைக்கிள் காலி. ரிஜிஸ்டரில் அவர் வீட்டு போன் நம்பர் இருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் போட்டேன். ஒரு பெண் குரல், "ஹலோ" என்றது. வைத்துவிட்டேன். என்னவென்று கேட்பது? உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்றா? ஞாயிற்றுக்கிழமையும் போட்டேன், வைத்தேன். திங்கட்கிழமை நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"கோன் ஹை? யாரு அது? தினம் தினம் போனைப் போட்டு மூச்சு உட்டுட்டு வெச்சர்றது! ஏனுங், இங்க வாங்க, உங்களுக்குத்தானாட்ட இருக்குது, எந்தச் சிறுக்கின்னு வந்து கேளுங்க!"

பின்னால் சாரின் குரல் கேட்டது. "நீயே கேளு, நான் சாப்புட்டுட்டு இருக்கறேன்."

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். போனை வைத்துவிட்டு, பூத்துக்காரர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அழுதேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் டூ-இன்-ஒன்னைத் திருப்பிப் போட்டுத் திறந்திருந்தார். நான் அழுத முகத்தோடு வந்ததைப் பார்த்தார். பெல்ட்டை எடுத்து, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த வெந்நீரில் போட்டு எடுத்தார். சுருங்கி இறுகியது. மாட்டி, தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டார். முகம் மாறிவிட்டது.

"யாருட்டி இவன், மீசை முளைக்காதவன் மாதிரி பாடுதான்?"

"இதுதாங்க அவர் குரல்."

"எனக்கு இது வேண்டாம். என் ஆளு மூச்செடுத்து நிதானமாப் பாடுவான்." அணைத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை சார் வந்தார், கொஞ்சம் இளைத்து. டெஸ்ட் எல்லாம் எடுத்தார்களாம், புதிதாக ஒன்றும் இல்லையாம், கால் எண்பதைத் தாண்டக் கூடாது என்பதும் பழையபடியேதானாம். துண்டோடு புதுச் சீட்டையும் கொடுத்தேன். எல்லாக் கேசட்டையும் ஹாலிலேயே வைத்து மறுபடி எண்ணி எழுதியது. பாதிக்கு மேல் வட்டம்.

"என்ன அம்மிணி, சீட்டு பூராம் கோழி முட்டை?"

சொல்லிவிட்டேன். பெட்டி, பெல்ட், பத்தொன்பது, இருபத்தொன்று, எல்லாம். "நீங்க எண்ணினதுதான் சரி சார். நான்தான் தப்பு." திட்டுவார், மேனேஜரிடம் போவார், வேலை போகும், போகட்டும் என்று நின்றேன்.

அவர் திட்டவில்லை. விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்பிடின்னா ரெண்டு மாசமா நான் எம்பத்திநாலுல மிதிச்சிருக்கறேன்!"

"சார்..."

"ஒண்ணுமே ஆகலையே! அந்த டாக்டரு பயந்தாங்கொள்ளி. அன்னைக்கு என்னமோ ராத்திரி சரியாத் தூக்கமில்லே, அதான்." சீட்டை மடித்து என் கவுண்ட்டர்மேல் வைத்தார். "இனி இது வேண்டாம். பழைய மாதிரியே ஓட்டு. நீ சொல்லாட்டி எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே சார்."

"உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

விளக்கு மங்கியது. முதல் பாட்டுக்கு எல்லோரும் மெதுவாக மிதித்தார்கள். இரண்டாவது மேடு, எழுபத்திரண்டு, பரவாயில்லை. மூன்றாவது அந்தச் சமதரைப் பாட்டு. மேடம் கையைத் தூக்கினார். சார் ஹேண்டிலில் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அடிக்கு அடி இறக்கினார். இருபத்தொன்று. இதை நிறுத்த அவர் பெயரைச் சொல்ல முடியாது. சீட்டும் என்னிடம் திரும்பி வந்துவிட்டது. என் கையில் இருந்தது அந்த டெக் மட்டும்தான்.

பிளாஸ்திரியை நகத்தால் கிழித்தேன். குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். பாடகியின் குரல் தடித்தது. எங்கள் வீட்டு மத்தியானம் அந்த ஹாலுக்குள் வந்தது மாதிரி இருந்தது. முன்வரிசையில் முனகல். மேடம் மிதித்துக்கொண்டே கழுத்தைத் திருப்பினார்.

"ஏய், டேப்புக்கு என்ன ஆச்சு?"

குமிழிலிருந்து கையை எடுக்காமலே சொன்னேன்.

"பெல்ட் லூஸ் ஆயிடுச்சு மேடம்."

"ஜல்தி சரி பண்ணு!"

"கிளாஸ் முடியட்டும் மேடம், நடுவுல தொட்டா நாடா சிக்கிக்கும்."

மூன்றாம் வரிசையிலிருந்து சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையை ஆட்டினார், கோபமா என்னவென்று அந்த இருட்டில் தெரியவில்லை. ஆனால் கால் பாட்டை விட்டு ஓடவில்லை, யாருடைய காலும் ஓட முடியாது. சுவர்க் கடிகாரத்தையும் அவர் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. முள் பதினைந்து வினாடியைத் தொட்டது. சரியாக எண்ணினேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.